உப்பிட்டவரும் ஒப்பந்தமும்

கேள்வி:

அம்மா, நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு குளத்தடிக் கிராமத்துப் பிள்ளை. 2009 இல் எனக்கு 16 வயது. அப்பாவை இழந்து, அம்மாவும் தம்பியும் நானுமாகச் செட்டிகுளம் மெனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்தோம். ஊர் திரும்பி உயர்தரப் பரீட்சை எழுதினேன். பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி போதவில்லை. எங்கள் போதகர் மூலமாக, கனடாவில் இருக்கும் எங்கள் ஊர் அங்கிள் ஒருவர் மூன்று வருடமும் பணம் கட்ட, தமிழ்நாட்டில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி படித்தேன். திரும்பி வந்து, திருச்சபை இங்கே நடத்தும் உயர்கல்வி நிலையத்தில் ஏழு வருடமாக விரிவுரையாளராக இருக்கிறேன். ஒருநாள் கிறிஸ்தவப் பல்கலைக்கழகமாக வளரவேண்டும் என்று ஜெபித்துத் தொடங்கிய இடம். நிருவாகக் குழுவில் நான் ஆசிரியர் பிரதிநிதி.

இப்போது அதே அங்கிள் மூன்று மாடிக் கட்டடம் கட்டித்தர முன்வந்திருக்கிறார். தாய் தகப்பன் பெயர் வைக்கவேண்டும் என்கிறார். தமிழில் நடக்கும் சமூகப்பணி டிப்ளோமாவை நிறுத்திவிட்டு, வெளிநாட்டு வேலைக்கான பராமரிப்பாளர் கற்கைநெறியை ஆங்கிலத்தில் தொடங்கவேண்டும் என்கிறார். உதவி பெறும் பிள்ளைகள் வருடாந்த நன்றி ஆராதனையில் மேடையேறித் தங்கள் கதையைச் சொல்லவேண்டும், அதை வீடியோ எடுத்து அனுப்பவேண்டும் என்றும் கேட்கிறார். முதலில் என்னையே பேசச் சொல்லியிருக்கிறார்கள். கட்டணம் கட்டக்கூடிய பிள்ளைகள் கூட வரவேண்டுமானால் காலை ஆராதனையைக் குறைக்கலாம் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். எங்கள் பிள்ளைகளில் பாதிக்கு மேல் சைவப் பிள்ளைகள். அடுத்த மாதம் வாக்கெடுப்பு. அம்மாவோ, "உப்பிட்டவரை உள்ளளவும் நினை பிள்ளை" என்கிறா. எதிர்த்து வாக்களித்தால் நான் நன்றி கெட்டவளா? ஆதரித்தால் என் பிள்ளைகளுக்குத் துரோகம் செய்தவளா?

— வாசகி, கிளிநொச்சி

பதில்:

அன்பான பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டாம் தரம் ஒரு வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டேன்: "முதலில் என்னையே பேசச் சொல்லியிருக்கிறார்கள்." கட்டடத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை நித்திரை கொள்ள விடாமல் வைத்திருப்பது இந்த வரிதான் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

நேராகக் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில்: எதிர்த்து வாக்களித்தாலும் நீங்கள் நன்றி கெட்டவள் அல்ல. அந்த மனிதருக்கு உங்கள் நன்றி உரியது, சாகும்வரை உரியது. உங்கள் வாக்கு அவருக்கு உரியதல்ல. அது உங்களை அந்தக் குழுவுக்கு அனுப்பிய ஆசிரியர்களுக்கும், அவர்கள் முன்னால் இருக்கிற பிள்ளைகளுக்கும் உரியது. உங்கள் அம்மா சொன்ன பழமொழி சரியான பழமொழி. உப்பிட்டவரை நினைக்கத்தான் சொல்கிறது. அடுத்தவர் வீட்டு உலையில் எதைப் போடவேண்டும் என்பதையும் அவரே தீர்மானிக்கட்டும் என்று அது சொல்லவில்லை.

நாங்கள் 'நன்றிக்கடன்' என்று இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாகச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் கடன் என்றால் என்ன என்று வன்னிப் பெண்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. கிழமைக்குக் கிழமை கட்டுக்காசு சேர்க்க ஓடியவர்கள், கடன்காரர் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் அடுப்படிக்குள் ஒளித்தவர்கள் எத்தனை பேர்! 2018 இல் வறட்சி மாவட்டப் பெண்களின் நுண்கடனை அரசாங்கமே தள்ளுபடி செய்யவேண்டிய நிலை வந்தது. கடனுக்குத் தொகை உண்டு, வட்டி உண்டு, வாசலில் வந்து நிற்கும் உரிமை உண்டு. அங்கிள் உங்களுக்குத் தந்தது அப்படியான பணமா? அன்றைக்கு அவர் ஏதாவது கையெழுத்து வாங்கினாரா? வாங்கியிருந்தால் எழுதியிருப்பீர்கள். தந்தது கொடை. அதை இன்று கடனாக்கிப் பார்ப்பது அவருடைய நல்ல செயலையே சிறுமைப்படுத்துவதாகும்.

கைம்மாறு எதிர்பார்க்கிற இடங்களும் இருக்கின்றன, அதில் பிழையில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஒரு திருச்சபையின் பரிந்துரையில் சேர்கிற பிள்ளை, படித்து முடித்ததும் இரண்டு வருடம் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை செய்யவேண்டும். சேரும்போதே அதைச் சொல்லி ஒப்பம் வாங்கிவிடுகிறார்கள். எவ்வளவு காலம், எங்கே, என்ன வேலை என்று எல்லாம் தெளிவு. (அந்தக் கல்லூரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் பாட்டனார் ஜோன் ஸ்கடர், இந்தியாவுக்குப் போகமுன் எங்கள் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தவர். வேலூருக்குப் போகிற எங்கள் சனத்தில் கனபேருக்கு இது தெரியாது.) நீங்கள் அப்படி ஒரு ஒப்பமும் இல்லாமலே ஏழு வருடம் ஊருக்கு வந்து படிப்பித்திருக்கிறீர்கள். இதை ஒருமுறை உங்களுக்கே சொல்லிப் பாருங்கள்.

சரி, கட்டடத்துக்கு வருவோம். இதில் நான் வெறும் புத்திமதி சொல்லவில்லை. நான் நிதியாளராக வேலை செய்த ஓர் இடத்தில் என் கையாலேயே நடந்த ஒரு பிழையைச் சொல்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து ஒரு குடும்பம், 20 கணினிகளும் குளிரூட்டியுமாக ஒரு அறை போட்டுத் தந்தது. அந்த வரவைப் புத்தகத்தில் எழுதியது நான். வரவு எழுதுகிற சந்தோசத்தில் செலவுப் பக்கத்தைப் புரட்டவில்லை. மாதாமாத மின்கட்டணம், கணினி திருத்துகிறவருக்கான காசு, அறையைப் பொறுப்பாகப் பார்க்க ஒரு ஆள் — ஒன்றுக்கும் எங்களிடம் வழியில்லை. ஒன்றரை வருடத்தில் அறையைப் பூட்டினோம். திறப்பு என் மேசை லாச்சிக்குள் கிடந்தது. அந்தக் குடும்பம் வருகிறது என்று தகவல் வந்தால், இரண்டு நாள் முந்தித் திறந்து, பொலித்தீன் உறைகளைக் கழற்றி, பல்லி எச்சம் துடைத்து, வேலை செய்கிற ஆறு கணினிகளையும் முன் வரிசைக்கு மாற்றி, பிள்ளைகளை வெள்ளைச் சட்டையோடு கொண்டுபோய் இருத்துவோம். அப்படி ஒருநாள் நான் தும்புத்தடியோடு நிற்கும்போது, முதலாம் வருடப் பிள்ளையொன்று செருப்பை வாசலில் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்து, "மிஸ், இந்த அறை ஆருக்கு?" என்று கேட்டது. "உங்களுக்குத்தான்" என்றேன்.

அது பொய். அந்த அறை வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கான அறையாக இருந்தது. பிள்ளைகளுக்கு மட்டுமா பொய் சொன்னோம்? தங்கள் உழைப்பைக் கொட்டிய அந்தக் குடும்பத்துக்கும் வருடா வருடம் பொய் காட்டினோம். நன்றி குறைந்துவிடக்கூடாதே என்ற பயத்தில்தான் செய்தோம். தருகிறவருக்கு முகம் முறிக்கக்கூடாது என்று தொடங்கியது, அவரை ஏமாற்றுவதில் வந்து முடிந்தது. அந்தப் பிள்ளையின் குரல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

உங்கள் குழுவில் யாராவது இந்நேரம், "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பதம் பார்க்கக்கூடாது" என்று சொல்லியிருப்பார்கள். மாட்டுக்கு அது சரி. மூன்று மாடிக் கட்டடத்துக்குச் சரிவராது. மாடு மேய்ந்து தின்னும். கட்டடத்துக்கு நீங்கள் தீனி போடவேண்டும். மின்சாரம், தண்ணீர்ப் பம்பி, காவலாளி, வருடம் ஒரு தரம் மழைக்குப் பிறகு ஒழுக்குப் பார்த்தல், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பூச்சு. உங்கள் நிலையத்தின் மீண்டுவரும் செலவு இன்று என்ன, கட்டடம் எழுந்தபின் என்ன ஆகும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள். இந்தத் தாள் இல்லாமல் நடக்கிற விவாதம் எல்லாம் உணர்ச்சி விவாதமாகத்தான் போகும். அங்கிள் மூன்று மாடிக்குப் பதில் இரண்டு மாடி கட்டி, மிச்சப் பணத்தை நிரந்தர வைப்பில் போட்டு, வட்டியைப் பராமரிப்புக்கு விட்டால் அது பெரிய புண்ணியம். தருகிறவர்கள் பலருக்கு இது தோன்றாததற்குக் காரணம், யாரும் அவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுவதில்லை.

இன்னொன்று. 'பல்கலைக்கழகம்' என்ற கனவு கட்டடத்தோடு கைகூடிவிடும் என்று குழுவில் யாராவது நம்பினால், அதையும் தெளிவாக்குங்கள். இலங்கையில் ஒரு தனியார் நிறுவனம் பட்டம் வழங்குவதற்கு, 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தில் 25அ பிரிவின் கீழ் அங்கீகாரம் பெறவேண்டும். வந்து பார்ப்பவர்கள் சுவரை மட்டும் பார்த்துவிட்டுப் போகமாட்டார்கள். யார் படிப்பிக்கிறார்கள், என்ன பாடத்திட்டம், நூலகத்தில் என்ன இருக்கிறது என்றும் பார்ப்பார்கள்.

பெயர் வைக்கிற விஷயத்தில் நான் மல்லுக்கட்டமாட்டேன். தாய் தகப்பன் பெயரைத் தன் ஊரில் ஒரு சுவரில் காண ஆசைப்படுவது நல்ல ஆசை. வையுங்கள்.

பராமரிப்பாளர் கற்கைநெறிதான் யோசிக்கவேண்டிய இடம். அதை எடுத்த எடுப்பில் தள்ளிவிடாதீர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போய்விட, தனியே இருக்கிற வயதுபோனதுகளைப் பார்க்க வன்னியிலேயே ஆள் இல்லை. அந்தப் படிப்பு இங்கேயும் உதவும். ஆகவே அதைச் சேர்க்கலாமா என்பது ஒரு கேள்வி. அதற்காகச் சமூகப்பணியை நிறுத்தலாமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே வாக்கில் போட விடாதீர்கள்.

சமூகப்பணி டிப்ளோமா ஏன் தொடங்கினது என்று உங்கள் நிலையத்தின் யாப்பிலும் (அமைப்பு விதிகளிலும்) முதலாவது கூட்டக் குறிப்பிலும் எழுதியிருக்கும். அதைத் தேடி எடுங்கள். 'யாருக்காக' என்று எழுதிய வசனம் இருக்கும். அதைக் குழுவில் வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் பல்கலைக்கழக அனுமதியில் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 வீத ஒதுக்கீட்டில் அடங்கும் மாவட்டங்கள். அவ்வளவு சலுகை இருந்தும், உயர்தரம் சித்தியடைந்துவிட்டு வெட்டுப்புள்ளி போதாமல் வீட்டில் நிற்கிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். நீங்களே அப்படி நின்றவர். அவர்களில் ஆங்கிலத்தில் படிக்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? இரணைமடுவுக்குக் கீழே, ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, துணுக்காய்ப் பக்கம், போரில் கணவனை இழந்த பெண்ணின் வீட்டுத் திண்ணையில் இருந்து கதைக்கப்போகிற பிள்ளைக்குத் தமிழில் படிப்பு வேண்டும். மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவம் படிப்பித்த அமெரிக்க டொக்டர் சாமுவேல் கிறீன் 1847 இல் வந்தவர். ஆங்கிலத்தில் படிப்பிக்கத் தொடங்கி, பிறகு தமிழுக்கு மாற்றினார். மருத்துவ நூல்களையே தமிழாக்கினார். படித்தவர்கள் ஊருக்குள் நின்று வைத்தியம் பார்க்கவேண்டும் என்பது அவர் எண்ணம். வெளியிலிருந்து வந்தவரே அப்படி யோசித்தார் என்றால், ஊர்க்காரரான உங்கள் அங்கிளுக்கு அதை எடுத்துச் சொல்வது கடினமாக இராது.

ஆனால் நோக்கத்துக்கு உண்மையாக இருப்பது என்றால் ஒன்றையும் மாற்றாமல் இருப்பது என்று எண்ணவேண்டாம். வட்டுக்கோட்டை செமினரியின் கதையை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. 1823 இல் அமெரிக்க மிஷன் தொடங்கியது. அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்திலேயே உயர்ந்த படிப்பு. 1855 இல் மூடிவிட்டார்கள். ஆங்கிலம் படித்த பிள்ளைகள் ஊழியத்துக்கு வராமல் உத்தியோகத்துக்குப் போகிறார்கள், நோக்கம் தவறிவிட்டது என்று போஸ்டனிலிருந்த தலைமைக்குப் பட்டது. அந்த மூடிய செமினரியில் படித்த இருவர்தான், சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். தாமோதரம்பிள்ளை பிற்காலத்தில் சைவராகத்தான் வாழ்ந்தார். தொல்காப்பிய உரையையும் கலித்தொகையையும் அச்சில் ஏற்றித் தமிழுக்குத் தந்தார். இதை மிஷனின் தோல்வி என்பதா, கொடை என்பதா? நான் கிறிஸ்தவள், கொடை என்றே சொல்வேன். பிறகு உள்ளூர்க் கிறிஸ்தவர்களின் முயற்சியோடு அந்த இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது 1872 இல். இடையில் 17 வருடம். பணம் தருகிறவர்கள் நோக்கத்தைப் பற்றிக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் தூரத்திலிருந்து ஒரு படிப்பை நிறுத்தினால், திரும்பத் தொடங்க எவ்வளவு காலம் எடுக்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

காலை ஆராதனையைப் பற்றி: குறைக்கவேண்டாம், கட்டாயப்படுத்தவும் வேண்டாம். சைவப் பிள்ளைகள் உங்கள் நிலையத்தைக் கிறிஸ்தவ நிலையம் என்று தெரிந்துதான் வந்து சேர்ந்தார்கள். உங்கள் ஜெபம் அவர்களுக்கு இடைஞ்சலாக இருந்ததாக நீங்கள் எழுதவில்லை. கட்டணத்துக்காக ஜெபத்தை ஒளிப்பதும், உதவிப் பணத்துக்காக அவர்களை ஜெபத்தில் இருத்துவதும் எனக்கு ஒரே வியாபாரமாகத்தான் படுகிறது.

இனி, கோடு போட்ட வரி.

பிள்ளைகளை மேடையேற்றிக் கதை சொல்லவைத்து வீடியோ எடுப்பது என்பதை நான் முழுக்க எதிர்க்கிறேன். இதில் விட்டுக்கொடுப்புக்கு இடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. போருக்குப் பிறகு வன்னியில் எத்தனை படம் எடுத்தார்கள், பிள்ளை! பால்மாப் பெட்டியின் ஒரு மூலையைக் கொடுக்கிறவர் பிடித்திருப்பார், மற்ற மூலையை வாங்குகிறவர் பிடித்திருப்பார். கொடுக்கிறவர் கமராவைப் பார்ப்பார், வாங்குகிறவர் நிலத்தைப் பார்ப்பார். படம் எடுத்து முடியும்வரை பெட்டி கை மாறாது. உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அப்படி நின்ற ஒரு நாளாவது அவவின் ஞாபகத்தில் இருக்கும்.

19 வயதுப் பிள்ளை தன் தகப்பன் செத்த கதையை ஒலிவாங்கியில் சொல்லும். கீழே இருக்கிறவர்கள் கண்ணைத் துடைப்பார்கள். வீடியோ கனடாவுக்குப் போகும், அங்கிருந்து முகநூலுக்குப் போகும், பிறகு அதை யாராலும் திருப்பி எடுக்கமுடியாது. ஐந்து வருடம் கழித்து அந்தப் பிள்ளை நேர்முகப் பரீட்சைக்குப் போகும்போதும், கலியாணம் பேசும்போதும் அந்த வீடியோ அங்கேதான் இருக்கும். "பிள்ளைகள் சம்மதித்துத்தானே பேசுகிறார்கள்" என்பார்கள். அடுத்த தவணைக் காசு கையில் இருப்பவர் கேட்கும்போது சொல்கிற 'ஓம்' எப்படிச் சம்மதமாகும்? நன்றி தன்பாட்டில் வரவேண்டியது. நேரசூசியில் போட்டு வரவழைத்தால், பிள்ளை அன்றைக்குக் கற்றுக்கொள்வது நன்றியை அல்ல. தன் துயரத்துக்கு ஒரு விலை உண்டு என்பதைத்தான்.

தருகிறவருக்கு உரியது என்ன என்று கேட்டால், கணக்கு. பவுல் அப்போஸ்தலன் எருசலேமிலிருந்த ஏழைகளுக்காகப் பல ஊர்ச் சபைகளில் பணம் சேர்த்தார். அந்தப் பணத்தைக் கொண்டுபோக, சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களையும் கூட்டிக்கொண்டார். இவ்வளவு பெரிய தொகையில் யாரும் தங்கள்மேல் குற்றம் சொல்ல இடம் வைக்கக்கூடாது என்பதற்காக என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் சொல்கிறார். நிதியாளராக எனக்கு வேதத்தில் மிகப் பிடித்த இடங்களில் ஒன்று இது. எருசலேமின் ஏழைகளை ஊர் ஊராகக் கொண்டுபோய் நிறுத்தி அழவைக்க அவர் நினைக்கவில்லை. நீங்களும் அப்படியே செய்யலாம். கணக்காய்வு செய்த அறிக்கை வருடம் ஒன்று. எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் இடையில் விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று பெயர் சொல்லாமல் நாலு பக்கம். விட்டவர்களைப் பற்றியும் எழுதுங்கள். உண்மையைச் சொன்னால் தருகிறவர் ஓடிவிடுவார் என்று பயப்படத் தேவையில்லை. ஓடுகிறவரை வீடியோ காட்டி எத்தனை வருடம் பிடித்துவைக்க முடியும்? எழுத விரும்புகிற பிள்ளை தானாக அங்கிளுக்கு ஒரு கடிதம் எழுதட்டும். விரும்பாத பிள்ளைக்கு ஒரு குறையும் வராது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நன்றி ஆராதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் பக்கத்துச் சபைகளில் அறுப்பின் பண்டிகை பார்த்திருப்பீர்கள். காலபோகம் வெட்டி முடிய, நெல்லும் பூசணியும் வாழைக்குலையும் கோழியும் பலிபீடத்தின் முன்னால் வந்து குவியும். ஆராதனை முடிய முற்றத்தில் ஏலம். நான் ஒருமுறை பரந்தன் பக்கம் அப்படி ஒரு பண்டிகைக்குப் போயிருந்தேன். ஒரு ஆச்சி சீலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்து வைத்தா. காம்பில் இன்னும் பால் காயவில்லை. ஏலத்தில் கடைக்காரர் ஒருவர் நல்ல விலைக்கு எடுத்தார். எடுத்ததைத் திரும்ப மேசையில் வைத்து, "இன்னொருக்கால் கூறுங்கோ" என்றார். மூன்று தரம் ஏலம் போனது அந்தக் காய். ஆச்சி எழும்பி ஒரு கதையும் சொல்லவில்லை. யாரும் சொல்லக் கேட்கவும் இல்லை. கொண்டுவந்தவவும், எடுத்தவரும், கூறினவரும் அன்றைக்கு ஒரே பந்தியில் இருந்துதான் சாப்பிட்டார்கள். உங்கள் நிலையத்தின் நன்றி ஆராதனையை அப்படி நடத்தமுடியுமா என்று பாருங்கள். கனடா அங்கிளின் பெயரைச் சொல்லும் அதே மூச்சில், தண்ணீர்ப் பீப்பாவைத் தந்தவரையும், முதல் வருடம் சம்பளம் இல்லாமல் சமைத்தவவையும் சொல்லவேண்டும். அவர்களும் அந்த இடத்தைக் கட்டியவர்கள்தான்.

இப்போது நீங்கள் செய்யவேண்டியது.

கூட்டத்துக்கு முதல் அங்கிளுக்குத் தொலைபேசி எடுங்கள். குழு உறுப்பினராக அல்ல, அவர் படிப்பித்த பிள்ளையாக. முதல் அழைப்பில் நன்றி மட்டும் சொல்லுங்கள். சும்மா 'நன்றி அங்கிள்' என்று அல்ல. விடுதிக் கட்டணம் கட்ட முடியாமல் நின்ற மாதம் அவர் பணம் வந்த நாளை, முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள் என்பதை, உங்களிடம் படித்த பிள்ளைகள் இன்று எந்தெந்த ஊரில் என்ன வேலை செய்கிறார்கள் என்பதைச் சொல்லுங்கள். அவருடைய பணம் என்ன செய்தது என்று அவருக்கு முழுக்கத் தெரியுமோ என்னவோ. சமூகப்பணிப் படிப்பு என்ன செய்கிறது என்பதற்கு நீங்கள்தான் சாட்சி. அதை நிறுத்தச் சொல்கிறவர், தான் போட்ட விதை எங்கே முளைத்தது என்று அறியாமல் சொல்லியிருக்கலாம். அந்த அழைப்பில் கட்டடத்தைப் பற்றிக் கதைக்கவேண்டாம். அவர் எடுத்தால், "அதை வேறாகக் கதைப்போம் அங்கிள்" என்று சொல்லுங்கள். நன்றியையும் மறுப்பையும் ஒரே பேச்சில் சொன்னால், கேட்கிறவருக்கு மறுப்பு மட்டும்தான் கேட்கும்.

ஒரு கிழமை கழித்து இரண்டாவது அழைப்பு. அதில் நீங்கள் கேளுங்கள். ஏன் பராமரிப்பாளர் படிப்பு? அவருடைய தாய் தகப்பனின் கடைசிக் காலம் எப்படிப் போனது? இப்படியான விருப்பங்களுக்குப் பின்னால் அநேகமாக ஒரு நோவு இருக்கும். அதைக் கேட்டபிறகு உங்கள் பக்கத்தைச் சொல்வது சுகமாக இருக்கும்.

கூட்டத்தில், விடயம் தொடங்குமுன் எழும்பி, "இவர் என் படிப்புக்குப் பணம் கட்டியவர்; இதைக் குறிப்பில் எழுதுங்கள்" என்று சொல்லுங்கள். ஒழுங்கான எந்த நிருவாகக் குழுவிலும் இதுதான் முறை. சொல்லிவிட்டால் உங்கள் தோளிலிருந்து பாதிப் பாரம் இறங்கும். பிறகு நீங்கள் எதைப் பேசினாலும், ஒளித்துப் பேசுகிறீர்கள் என்று யாரும் சொல்லமுடியாது. யாப்பு அப்படியான உறுப்பினர் வாக்களிக்கக்கூடாது என்று சொன்னால் வாக்களிக்காதீர்கள், ஆனால் பேசாமல் இருக்காதீர்கள். வாக்களிக்கலாம் என்றால் கட்டடத்துக்கு ஆதரவாகவும், டிப்ளோமாவை நிறுத்துவதற்கும் வீடியோவுக்கும் எதிராகவும் வாக்களியுங்கள். அதற்காக மூன்றையும் பிரித்து முன்வைக்கச் சொல்லுங்கள். எது முடிவானாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும்: பெயர் எவ்வளவு காலம், பராமரிப்புக்கு எவ்வளவு, பிள்ளைகளைத் தெரிவுசெய்வது நிலையம் மட்டுமே, எந்தப் படிப்பைத் தொடங்குவதும் நிறுத்துவதும் குழுவின் வேலை.

அவர் கோபித்துக்கொண்டு விலகலாம். அது நடக்கக்கூடியதுதான், அப்படி நடந்தால் அது நட்டம்தான், தகரக் கூரைக்குக் கீழே இன்னும் சில வருடம் வெயில் காய்வீர்கள். அப்போதும் வருடக் கடைசியில் அவருக்கு ஒரு வாழ்த்து மடலும் உங்கள் நிலையத்தின் அறிக்கையும் போகட்டும். உங்களைப் படிப்பித்தவர் அவர்தான், அது மாறப்போவதில்லை.

அப்புறம் அந்த மேடை. வாக்கெடுப்பு முடியுமுன் பேசவேண்டாம். திகதியைத் தள்ளச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேறு ஒருவர் பேசட்டும். வாக்கெடுப்பு முடிந்தபின், மனம் வந்தால் பேசுங்கள். முகாமைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும் சொல்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் முன் வரிசையில் இருத்துங்கள். ஒப்பந்த வரைவு கைக்கு வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். வரி வரியாகப் பார்த்து, பென்சிலால் குறித்து ஒரு கிழமைக்குள் திருப்பி அனுப்புகிறேன்.